மலையைச் சுற்றியது யார்

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை. வளர்ச்சி கொஞ்சம் தாமதம் என்று டாக்டர் சொன்னபோது தைரியமாகத்தான் தலையாட்டினேன். வெளியே வந்து யாருடைய ஸ்கூட்டரிலோ சாவியைப் போட்டு ஐந்து நிமிடம் திருகினேன்.

பயந்தவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இந்த ஊரில் பயந்தால் மலையைச் சுற்றுவோம். வேண்டுதல் பலித்தபிறகு சுற்றுகிறவர்கள் உண்டு. நான் அட்வான்ஸாகவே சுற்றினேன். மூன்று பௌர்ணமி, செருப்பில்லாமல், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு. கொப்புளம் வெடித்த காலோடு பிசியோதெரபி மேடத்திடம் நொண்டிக்கொண்டே போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

“பாப்பா எவ்ளோ தூரம் நடந்தா சார்?”

“தோள்ல இருந்தா மேடம்.”

“அப்போ பயிற்சி உங்க காலுக்குத்தான் ஆயிருக்கு.”

கூட வந்திருந்த என் மனைவி சிரிப்பை மறைக்கவே இல்லை.

“வீட்ல இவளை ஜாஸ்தி தூக்கறது யாரு?” என்று மேடம் கேட்க, மனைவி என்னைக் கைகாட்டினாள். மகள் சிணுங்கினால் தூக்குவேன். சிணுங்கப் போகிறாள் என்று தோன்றினாலும் தூக்குவேன்.

“மலை சுத்தறத விடாதீங்க சார். ஆனா லிங்கம் கோயில் வந்தா இறக்கி விடுங்க. படியைப் பிடிச்சு நிக்கட்டும். இடுப்புல உங்க கை லேசா இருந்தா போதும். அப்புறம் அதையும் கம்மி பண்ணுங்க.”

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். கூட்டமில்லாத காலைகளில், நாளுக்கு ஒன்றாக, மூவரும் போனோம். முதல் ஏழிலும் மகள் என் கைமேலேயே சாய்ந்திருந்தாள். எட்டாவதில் படியை இறுகப் பிடித்தாள்.

“ஏங்க, கையை எடுங்க.”

“எடுத்துட்டேனே.”

“எடுத்துட்டு மறுபடி வெச்சிருக்கீங்க.”

எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றுக்கு அப்புறம் என்ன வரும் என்பது மறந்துவிட்டது. படியில் கிடந்த மாலையை ஓர் ஆடு இழுத்தது. ஆட்டைப் பிடிக்க மகள் ஒரு கையை விட்டாள். ஒற்றைக் கையில் நின்றாள். ஆடு போனதும் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அழவில்லை. தூக்கு என்று இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள். என் கை பாதி தூரம் போய்விட்டது. மனைவி அந்தக் கையையே பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மகள் என்னை நன்றாக முறைத்தாள். பிறகு திரும்பிப் படியைத் தேடினாள்.