ராக்கொடிக்கு அடியில் ஓர் ஊசி

அம்பத்தூர் மண்டபத்தில் என் கல்யாண வரவேற்பு. அந்தக் காலத்து ராணி மாதிரி நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் வேண்டுமென்று அடம்பிடித்தது நான்தான். தலை தாங்காது என்று தடுத்த அம்மாவிடம் சண்டையே போட்டேன்.

மேடையேறியதும் ராக்கொடிக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி குத்தத் தொடங்கியது. வாழ்த்த வந்தவர்களின் வரிசையோ வாசல்வரை நின்றது. வாய் திறந்தால், "அப்பவே சொன்னேனே" என்பார் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வரிசையில் வந்த முன்பின் தெரியாத ஒரு பெண், "இன்னாம்மா, ஊசி குத்துதா?" என்று என் காதோடு கேட்டார். கட்டிப்பிடிப்பதுபோல் சாய்ந்து, அதை உருவித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். "எனக்கும் அன்னிக்கு இப்டித்தான். யாருமே கேக்கல."

அவர் யாரென்று இரண்டு வீட்டாருக்கும் தெரியவில்லை. ஆல்பம் முழுக்கச் சிரிக்கும் நான், அவரோடு நிற்கும் படத்தில் மட்டும் அழுகிறேன். ஹாலில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.