கொம்பு வைத்த பொன்வண்டு

முந்தாநாள் கடைவாய்ப் பல் என்னைப் பழிவாங்கியது. வாயில் மிச்சமிருப்பதே ஏழு பல். அதில் ஒன்றுக்கு இத்தனை ஆங்காரம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வைத்தியர் பஞ்சில் கற்பூரத்தையும் கிராம்புத் தைலத்தையும் குழைத்துப் பொந்தில் அடைத்தார். வலி அப்படியே இருந்தது. நான்தான் எங்கேயோ போய்விட்டேன். நாற்பது வருஷம் பின்னால், பழவேற்காட்டுக் கோட்டைமேல் ஒல்லாந்துக்காரர் கொடி பறந்த நாட்களில், பூச்சி அறைக்குள். அந்த அறையின் வாசனை இதேதான்: கற்பூரம், கிராம்பு, அடியில் லேசாகச் சாராயம். (வைத்தியரிடமும் சாராய வாசனை இருந்தது. அது வேறு விஷயம்.)

பூச்சி அறை என்றால் உங்களுக்கு விளங்காது. கோட்டைக்குள் துணிக் கிட்டங்கியை மேற்பார்த்த துரைக்கு ஒரு பித்து. பூச்சிகளைச் சாகடித்து, ஊசியில் குத்தி, பெட்டியில் அடுக்கி, கப்பலேற்றித் தன் ஊருக்கு அனுப்புவார். அங்கே ஒரு பெரிய காட்சிச்சாலை. உலகத்துப் பறவை, பல்லி, பாம்பு, வண்டு அத்தனையும் உயிரில்லாமல் வரிசையாக நிற்குமாம், ஜனங்கள் வந்து பார்ப்பார்களாம். பறக்கிறபோது யாரும் ஏறிட்டுப் பார்க்காததைச் செத்தபிறகு போய்ப் பார்ப்பானேன் என்று அப்போது சிரித்தேன். இப்போது மனிதர்கள் விஷயத்தில் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

நான் அந்த அறைக்குள் போனது என் கையெழுத்தால். குப்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் கட்டுமரத்தில் ஏறிய முதல் நாளே, தின்ற கூழை மீனுக்கே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் நைனா என்னைக் கொண்டுபோய்ப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டார். அங்கே படித்த ஒல்லாந்து எழுத்து, கிட்டங்கியில் துணிப் பொதிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்கும் கஞ்சத்தனத்தில் என் எழுத்து எறும்பு ஊர்ந்தாற்போலச் சிறுத்துப் போயிருந்தது. பூச்சிக்குக் கீழே குத்தும் சீட்டு கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். துரை என் எழுத்தைப் பார்த்தார், அன்றைக்கே இழுத்துக்கொண்டார்.

நைனா தலையிலடித்துக்கொண்டார். "மீன் புடிக்கிற வூட்ல பொறந்துட்டு ஈ புடிக்கப் போறான் பாரு. வலை கூட வாணாம், வாயத் தொறந்துக்கினு நின்னா போதும்."

மீன் கூடை தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் அவருக்கும் மேலே. "இன்னா பூச்சிக்காரரே, எங்க வூட்டு மூட்டப்பூச்சியெல்லாம் சீமைக்குப் போவணும்னு அழுவுது. கப்பல்ல எடம் இருக்குதா?"

துரை தமிழ் கற்றுக்கொண்டதும் இந்தப் பெண்களிடம்தான். அதனால் எதைச் சொன்னாலும் மீன் பேரம் பேசுகிற மாதிரியே இருக்கும். ஒரு பட்டாம்பூச்சியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "இன்னாடா இது, ரெக்கையில மை கொட்டிக்கினு வந்துக்குது!" என்பார். நான் ஒல்லாந்து பாஷையில் பேசினாலும் பதில் இந்தத் தமிழில்தான் வரும்.

வண்டுகளைச் சாராயத்தில் முக்கிச் சாகடிப்போம். நல்ல சாவு. குப்பத்தில் பல பேர் அதே வழியில் போனார்கள், பெட்டிதான் கிடைக்கவில்லை. ஊசி இறங்குவதற்காகப் பெட்டிக்குள் நெட்டி பதித்திருக்கும். எறும்பு ஏறாதபடி மேசைக் கால் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். ஒரு தடவை தாகத்தில் அந்தக் கிண்ணத்தை எடுத்துக் குடித்துவிட்டேன். மேசை ஆடி, பதினோரு தட்டாம்பூச்சிகள் செத்தபின் ஒருமுறை பறந்தன. துரை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதுவரை யாரும் பார்க்காத பூச்சி அகப்பட்டால் அதற்குப் புதுப் பெயர் வைப்பார்கள். காட்சிச்சாலையில் பெரிய புஸ்தகம் ஒன்று உண்டு. அதில் ஏறிய பெயர் உலகம் உள்ளவரை அழியாது என்பார் துரை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பேரம் இருக்காது.

அவருக்கு ஒரே மகள், எட்டு வயசு. கத்ரீனா என்று பெயர். தாயில்லாத பிள்ளையை வளர்த்த ஆயா காத்தம்மா என்று கூப்பிட, கோட்டைக்கே அவள் காத்தம்மா ஆகிவிட்டாள். அப்பாவை நைனா என்பாள், என்னை அண்ணாத்தே என்பாள். கோட்டையில் என்னைவிடக் குறும்பான ஜீவன் அவள் ஒருத்திதான். ஆகவே நாங்கள் சிநேகிதர்கள். என் வயசு இருபத்திரண்டு, அறிவு இரண்டு பேருக்கும் சமம்.

ஒருநாள் செத்த பொன்வண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். பச்சையும் தாமிரமுமாக மினுங்கியது. என் மேசையில் பனங்குருத்தைக் குடைகிற கொம்புவண்டு ஒன்று தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. (உடைத்தது நான்தான்.) அவள் அதைப் பார்த்தாள். இதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணாத்தே, நைனாவ ஏமாத்தலாமா?"

வயசுக்கு மூத்தவன் என்ற முறையில் நான் தடுத்திருக்க வேண்டும். வேலம்பிசின் கரைத்துக் கொடுத்தேன்.

பொன்வண்டின் தலையை நான் எடுத்தேன். கொம்புத் தலையை அவளே ஒட்டினாள், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து ஒட்டிவிட்டது. "இன்னா இது, கழுத்து சுளுக்கிக்கின மாதிரி கீது" என்றேன். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது அவளுக்கு. சீட்டையும் அவளே எழுதினாள்: 'ஏரிக்கரை, பனையடியில், நான் பிடித்தது.' ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்ததும் அப்பாவின் மேசையில் வைப்பது, அவர் 'புதுசு!' என்று கத்துவார், உடனே கதவுக்குப் பின்னாலிருந்து குதித்து உண்மையைச் சொல்வது. அதுதான் திட்டம்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனோம்.

இதை எப்படிச் சொல்வதென்று இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை. மேலே போகிறேன்.

துரை சோறு தண்ணீர் தொடவில்லை. ஆயா கஞ்சியைக் கொண்டுவருவாள், ஆறியபின் கொண்டுபோவாள். ஒன்பதாம் நாள், மகளின் பெட்டியைத் திறந்தவர் அந்த வண்டையும் அவள் எழுதிய சீட்டையும் கையில் ஏந்திக்கொண்டு பூச்சி அறைக்கு வந்தார். கண்ணீருக்கு மேலே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் என்னத்தைப் பார்த்திருப்பார்!

"டேய், இத பாத்தியா? இன்னா கொம்பு! என் பொண்ணுடா, என் பொண்ணு கண்டுபுடிச்சிக்கிறா. நீ அப்ப கூட இருந்தியா?"

உலகத்தில் எல்லாரையும் கேலி பண்ணத் தெரிந்த வாய், அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னது. "இருந்தேன்."

அன்று மத்தியானம் அவர் கஞ்சி குடித்தார். அதைப் பார்த்தபின் எந்த மடையன் வாயைத் திறப்பான், சொல்லுங்கள்.

வண்டுக்கு அவள் பெயரையே வைத்தார். சீட்டை நான்தான் எழுதினேன், என் எறும்பு எழுத்தில். வண்டு மற்றவைகளோடு பெட்டியில் கப்பலேறியது.

கப்பல் போக எட்டு மாசம், பதில் வர எட்டு மாசம். பதில் வந்தது. வழியில் பெட்டிக்குள் புழு புகுந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டதாம். ஊசிகளும் சீட்டுகளும்தான் போய்ச் சேர்ந்தனவாம். கொம்புள்ள பொன்வண்டைப் பற்றித் துரை கடிதத்தில் எழுதியிருந்ததைப் படித்து வியந்தார்களாம். ஆனால் கண்ணால் பார்க்காததைப் புஸ்தகத்தில் ஏற்ற முடியாது. அதே மாதிரி இன்னொன்றை அனுப்பினால் அந்தப் பெயரையே ஏற்றுவார்களாம்.

பூச்சியைப் பூச்சி தின்றதில் என் பொய்யும் செரித்துப் போயிற்று என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம்தான்.

"அவ ஒண்ண புடிச்சான்னா இன்னொண்ணு இருக்கணும் இல்ல?" என்றார் துரை.

மறுநாள் முதல் வலையும் பெட்டியுமாக ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டார். பனை பனையாக நின்று பார்ப்பார். கத்திரி வெயில். ராவணன் மீசைப் புல் குத்திக் கால் வீங்கியது. முதல் வாரம் பெண்கள் கேலி செய்தார்கள். இரண்டாம் வாரம் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் ஒருத்தி என் தோளைப் பிடித்து, "யோவ், இன்னாதான்யா தேடுறாரு? சொல்லு, எங்க புள்ளைங்கள வுட்டுத் தேடச் சொல்றோம்" என்றாள். இல்லாததைத் தேட ஒரு குப்பமே புறப்பட இருந்தது.

இன்னொன்று செய்துவிடலாம் என்று நினைத்தேன். பொன்வண்டும் கிடைத்தது, கொம்புவண்டும் கிடைத்தது. பிசினைக் கரைத்தேன். என் கை நேர்த்தியான கை, ஒட்டினால் ராஜா மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் செய்தது கோணல். அது விளையாட்டு. நான் நேராக ஒட்டினால் அது வெறும் திருட்டு; கோணலாக ஒட்டினால் இன்னும் பெரிய திருட்டு. பிசின் கிண்ணத்திலேயே காய்ந்தது.

மறுநாள் காலை, பனையடியில், மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"தொரை, அது கெடைக்காது."

"ஏண்டா?"

"அந்த மாதிரி ஒண்ணு கெடையாது. அது ரெண்டு வண்டு. பொன்வண்டுல கொம்புவண்டு தலைய ஒட்டினது."

அடிப்பார் என்று நினைத்தேன். கிட்டங்கி வேலை போய்விடும் என்று நினைத்தேன், மறுபடி கட்டுமரமும் வாந்தியும்தான் என்று நினைத்தேன். பயத்தில் மனசு எத்தனை அற்பமாக ஓடுகிறது பாருங்கள். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"யார் ஒட்டினது?"

"பாப்பாதான். நான் புடிச்சிக்கினு இருந்தேன்."

"எதுக்கு?"

"உங்கள ஏமாத்தத்தான். ஞாயித்திக்கெழம மேசைல வெச்சிட்டு, நீங்க 'புதுசு'ன்னு கத்தினதும் கதவாண்ட இருந்து குதிக்கிறதா இருந்துச்சி."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஏரியில் தண்ணீர் இறங்கி, தூரத்தில் பூநாரைகள் நின்றன. "சிரிச்சாளா?" என்றார்.

"விக்கலே வந்துட்ச்சி."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா என்னவென்று நான் பார்ப்பதற்குள் எழுந்துவிட்டார். வலையைக் கீழே போட்டுவிட்டு, ஏரியைப் பார்த்து நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"புதுசு! டேய், புதுசுடா!"

பூநாரைகள் எழும்பின. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியவர் அப்படியே அசையாமல் நின்றார், காதை ஒரு பக்கம் சாய்த்து. எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் நின்றேன். யாரும் குதிக்கவில்லை.

காட்சிச்சாலைக்கு அவர் மறுபடி எழுதவில்லை. புஸ்தகத்தில் அந்தப் பெயர் ஏறவில்லை. கல்தச்சனைக் கூப்பிட்டு, மகளின் கல்லில் பெயருக்கு மேலே அந்த வண்டைச் செதுக்கச் சொன்னார். நான்தான் படம் போட்டுக் கொடுத்தேன். தச்சன் தயங்கினான்: "கொம்பு கோணிக்கினு கீதே, நேராக்கிடட்டுமா?"

"கையை ஒடைச்சிடுவேன்," என்றார் துரை. "கோணலாவே கெடக்கட்டும்."

அடுத்த வருஷம் அவரும் நாகப்பட்டினம் போனார், அங்கிருந்து எங்கே போனாரோ. பிறகு ஒல்லாந்துக்காரர்களே போனார்கள். கொடி மாறியது, கோட்டைச் சுவர் விழுந்தது, பூச்சி அறை இருந்த இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது. நைனா இல்லை, ஆயா இல்லை. மூட்டைப்பூச்சிக்குக் கப்பலில் இடம் கேட்டவர்களில் ஒருத்தியும் இல்லை.

நேற்று பல்வலியோடு கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். உப்புக்காற்று அந்தக் கல்லைப் பதமாகத் தின்றிருக்கிறது. கொம்பு இருந்த இடம் மழுங்கி வழவழப்பாகிவிட்டது. வழியில் போகிறவன் பார்த்தால் யாரோ சாதாரணப் பொன்வண்டைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று நினைப்பான், அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று போய்விடுவான்.