மடிப்புக்குள் ஒரு சொல்

இந்த ஊரில் பாதிப் பேர் ஆங்கில அகராதியைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள். பாதிப் பேர் என்றது கொஞ்சம் கூடுதல்தான். இருபத்தாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கும் தையற்காரி ஒருத்திதான்.

ஓரத்தை மடிப்பதற்கு முன், துணியின் உள்பக்கம் சாக்பீஸால் ஓர் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பொருளையும் எழுதுவாள். மூன்று தடவை முணுமுணுப்பாள், மடிப்பாள், மெஷினை மிதிப்பாள். பேன்ட் என்றால் காலுக்கு ஒரு சொல். மூடிய பிறகு பார்க்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். நோட்டுப் புத்தகம் கிடையாது. "நோட்டுல எழுதினா நோட்டுதான் பாஸாகும்" என்பாள்.

வயது நாற்பத்திரண்டு. ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஆங்கிலத் தாளில் கோட்டை விட்டாள். அதே கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகள் பரீட்சைக்கு வைக்கிற உடுப்புகளில் பாதி, இவள் தைத்துக் கொடுத்தவை. போன வருடம் அதில் ஒன்றுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பெண் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொக்கி சரியில்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். வருகிற சனிக்கிழமை மூன்றாவது தடவை.

சொற்கள் அவள் மண்டையில் அகரவரிசையில் இல்லை, துணிவரிசையில் இருக்கின்றன. கஞ்சத்தனத்துக்கு ஆங்கிலம் பல் டாக்டரின் பச்சைச் சட்டையில். பிடிவாதம் மாமியாரின் தலையணை உறையில். வியாழக்கிழமை காலை பட்டன் தைத்தபடியே ஒப்பித்துக்கொண்டு வந்தவள், கோர்ட் குமாஸ்தாவின் காப்பிக் கலர் பேன்ட்டில் வந்து நின்றாள். முந்தின நாள்தான் அவர் வாங்கிப் போனது. வலது கால் நினைவிருந்தது. இடது கால் வெறுமையாக இருந்தது.

"என்னடி நின்னுட்ட?" என்றார் துணி வெட்டிக்கொண்டிருந்த கணவர்.

"அவசரப்படுத்தினாரேன்னு படிக்காமலே மூடிட்டேன்."

"ஒரு வார்த்தைதானே. விட்டுத் தொலை."

"போன தடவை ஒரு மார்க்லதான் போச்சு. நீங்க ஒரு இஞ்சு தப்பா வெட்டினா நான் விட்டுத் தொலைக்கிறேனா?"

அந்தப் பேன்ட் அப்போது எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில், குமாஸ்தாவோடு நின்றிருந்தது. தையல் பிரிக்கிற ஊசியோடு அவர் காலடியில் போய் மண்டியிட்டாள்.

"ஏம்மா, நடுத்தெருவுல..."

"அசையாம நில்லுங்க சார். உள்ள என் சாமான் ஒண்ணு மாட்டிக்கிச்சு."

பஸ் வந்தது. குமாஸ்தா பஸ்ஸைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பஸ் போயிற்று. நாலு விரற்கடை மடிப்பு பிரிந்ததும், 'ரிலக்டன்ட்: மனமில்லாமல் ஒத்துக்கொள்கிற' என்று வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

தொங்குகிற மடிப்போடு ஆபீசுக்குப் போக முடியாது. அவரைக் கடைக்குக் கூட்டி வந்து, காலை ஸ்டூலில் ஏற்றி வைத்து, கையாலேயே தைத்து மூடினாள்.

"எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க," என்றாள் கணவரிடம். "பஸ் போனாலும் பரவாயில்லன்னு சந்தோஷமா நின்னாரு."

"சந்தோஷமா இல்லம்மா," என்றார் குமாஸ்தா. "ரிலக்டன்ட்டா."

பிறகு இடது காலை இறக்கி, வலது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். "இதுல என்ன வார்த்தை, பார்க்காம சொல்லும்மா" என்று, மடிப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.