வடமதுரையில் நான் கண்டுபிடித்த மூலை

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை திண்டுக்கல் பக்கம் போனேன். என் கல்லூரித் தோழி மல்லிகா வடமதுரையில் நைட்டி தைக்கும் கூடம் நடத்துகிறாள். நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிரியாணியும் ஒரு காரணம், மறைப்பானேன்.

கோவை சிங்காநல்லூரில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லுக்கு நாலு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே ஆகும். ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை, போனில் கரடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உயிரியல் பூங்காவின் நேரலைக் கேமரா அது. கரடி லேசில் கண்ணில் படாது. பாறை இடுக்கில் காது நுனி மட்டும் தெரியும். அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பாராட்டு குவியும், பெரும்பாலும் அது நான்தான். ‘சோம்பேறி, எழுந்து வா’ என்று கீழே எழுதுவார்கள். அதற்குச் சிரித்து வைப்பதும் நான்தான்.

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை சுமார் பதினேழு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் கூட்டம் நெரிக்கும். செத்த நேரத்தில் வந்துவிடும் என்றார் நடத்துநர். முக்கால் மணி நேரம் நின்றேன்.

மல்லிகா காபி கொடுத்து ஆபீஸ் அறையில் உட்காரவைத்தாள். சுவரில் இருந்த டிவியில் தையல் கூடம் முழுக்கத் தெரிந்தது. பதினைந்து மெஷின்களில் ஒன்று மட்டும் காலி. அதில் தைக்கிற முத்துலட்சுமி பாத்ரூம் போயிருப்பாள் என்று மல்லிகா விட்டுவிட்டாள். எனக்குத்தான் கண் சும்மா இருக்கவில்லை. துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாதம் தெரிந்தது.

“அந்தா, மூட்டைக்குப் பின்னாடி” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மல்லிகா மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நாற்பது தாண்டிய ஒரு பெண்மணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து கேமராவை அண்ணாந்து பார்த்தார். மற்றவர்கள் யாரும் தலை திருப்பவில்லை. எல்லாருக்கும் தெரிந்த இடம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மல்லிகா கெட்டவள் இல்லை. திட்டவில்லை, கூலியும் பிடிக்கவில்லை. மூட்டைகளை மாற்றி அடுக்கச் சொல்லிவிட்டு, அந்த மூலைக்கு இன்னொரு கேமரா வேண்டும் என்று ஆளுக்குப் போன் போட்டாள். வேண்டாம், விட்டுவிடு என்று கெஞ்சினேன். அவள் சிரித்தாள்.

“நீதானடி காட்டிக் குடுத்த. இம்புட்டு நாளா எனக்கே தெரியல.”

பிரியாணி வந்தது. ருசியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் குழாயடிக்குப் போய், நான்தான் சொன்னேன் என்று முத்துலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். மாதவிலக்கு வலி தாங்காதபோது பத்து நிமிடம் சாய்ந்துவிட்டு எழுவார்களாம். எனக்கும் தெரிந்த வலிதான். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிடுவேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“பதினஞ்சு பேருக்கும் அந்த ஒரு எடந்தாம்மா இருந்துச்சு” என்றார், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே.

நான் கிளம்பும்போது அந்த மூலையைப் பெருக்கித் துப்புரவாக வைத்திருந்தார்கள். எனக்குச் சொல்ல முடியாத வெட்கம்.

போக நினைப்பவர்களுக்கு: கோவைக்குத் திரும்ப இரவு வரை பஸ் உண்டு. தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் தை மாதத்திலேயே சுடுகிறது. மில்லோ கடையோ தையல் கூடமோ, யாராவது உங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தால், ஒரு ஆள் குறைவது தெரிந்தாலும் தேடாதீர்கள்.