செங்கமலம் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள்

காதல் வசனம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஊரில் மரியாதை கிடையாது, அதிலும் செல்போன் விளையாட்டுக்குக் காதல் வசனம் எழுதுகிறேன் என்று சொன்னால், கேட்பவர் நம்மை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்பார். யார் போன் செய்து என்ன கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு "சொல்லுங்க சார்" என்று ஆரம்பிக்கிற உத்தியோகத்தில் இருப்பவர்களே, இது உங்களுக்குத்தான். நீங்கள் வங்கியில் இருக்கலாம், மருந்துக் கடையில் இருக்கலாம். படுகிற பாடு ஒன்றுதான்.

எங்கள் கம்பெனி வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி குமரேசன் சார். கம்ப்யூட்டர் வேலை முழுக்க ரியாஸ். வசனம் நான். எங்கள் விளையாட்டில் நீங்கள் ஒரு போர்வீரர். கையில் வெட்டுக்காயத்தோடு ஒரு மலையடிவார ஊருக்கு வந்து சேர்கிறீர்கள். ஊர்க்காரர்களுக்கு உதவலாம், அவர்களிடம் திருடலாம், சண்டை போடலாம். நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்துக் கதை மாறும். மனசிருந்தால் காதலிக்கவும் செய்யலாம். உங்கள் காயத்துக்கு மருந்து போடுகிற வைத்தியச்சி செங்கமலம்தான் கதாநாயகி.

அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. யோக்கியமாக நடந்துகொண்டால் கடைசிக் கட்டத்தில் சம்மதிப்பாள். அயோக்கியத்தனம் செய்திருந்தால் "முடியாது" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எனக்கு இத்தனை பாடு. விளையாட்டில் 'உதவிக்கு அழைக்கவும்' என்று போட்டிருக்கிறதே, அது என் மேசையில் இருக்கிற போன்.

முழம் முழமாக மல்லி

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்கு நான் வழக்கமாகப் போகிற ஷேர் ஆட்டோவின் டிரைவர் ஏகாம்பரம் அண்ணன். என் வேலை தெரிந்த நாளிலிருந்து அவரும் விளையாட ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் காலை ஆட்டோவில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, வண்டியை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார். முகம் சரியில்லை. முந்தின நாள் செங்கமலம் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

ஊர்க் கிணற்றுத் தகராறில் பொய்ச்சாட்சி சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னேன், அதற்கென்ன என்றார். அதனால்தான் என்று விளக்கினேன். அவருக்கு அது காரணமாகவே படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், இது எந்தக் குடும்பத்துப் பஞ்சாயத்தோ என்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மாளையும் நியாயம் கேட்கிற மாதிரி சேர்த்துக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் சொன்னார்: "தெனம் முழம் முழமா மல்லி வாங்கிக் குடுத்தேம்மா. வாங்கி வாங்கி வெச்சிக்கிட்டா இல்ல? வேணான்னா அப்பவே சொல்றதுதானே!"

ஒரே ஒரு சந்தேகம்

போளூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு பணிவு. விளையாட்டு பிரமாதம், படம் பிரமாதம், உங்கள் தமிழ் பிரமாதம் என்றார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. செங்கமலத்தை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, கடைசிக் கட்டம் வந்தாயிற்று, அவளும் சம்மதித்துவிட்டாள், ஆனால் இவர் இன்னும் கல்யாணப் பொத்தானை அழுத்தவில்லை, ஒரே ஒரு சந்தேகம் பாக்கி என்றார்.

அவளுக்கு அப்பா அம்மா யார் என்று கதையில் எங்கேயும் வரவில்லையாம். அவள் அனாதை, சொந்தமாக வைத்தியம் கற்றுக்கொண்டவள் என்றேன். அது சரி மேடம், சொந்த ஊர் எது என்றார். கற்பனை ஊர் என்றேன். குலதெய்வம் என்றார். எனக்கு அவர் எங்கே சுற்றிக்கொண்டு வருகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பேரை வெச்சுக் கண்டுபிடிக்க முடியலைங்க. நம்மாளுங்களா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

சாரின் யோசனை

இப்படி 'முடியாது' பற்றி வருகிற புகார்கள் ஜாஸ்தியாகிக்கொண்டே போகவும், குமரேசன் சார் என்னைக் கூப்பிட்டார். அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். யார் என்ன செய்திருந்தாலும் செங்கமலம் சம்மதித்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் வருகிறார், ஜாதகம் போகிறது, வருகிறது, மாப்பிள்ளை வீட்டார் வந்து டிபன் சாப்பிட்டுவிட்டு "போய் லெட்டர் போடறோம்" என்கிற பாணியில் கிளம்புகிறார்கள். என்னை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. நான் எழுதுகிற பெண்ணிடமாவது ஒருவன் கேட்டுவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று பயந்து நிற்கட்டுமே என்றுதான் அந்தக் கட்டத்தை எழுதினேன். அதைப் பிடுங்கினால் செங்கமலம் வெறும் பொம்மை. இதையெல்லாம் நாகரிகமாக, கதையின் தர்க்கம், பாத்திரத்தின் மதிப்பு என்று சாரிடம் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "எல்லாம் கரெக்டுதாம்மா. ஆனா வீட்லதான் நம்ம பேச்சை யாரும் கேக்கறதில்ல, போன்லயாவது ஒருத்தி சரின்னு சொல்லட்டுமேன்னு நெனைக்கறாங்க."

தாய்மாமன் சீர்

அதே சமயத்தில் இன்னொரு பூதம் கிளம்பியது. முதல் சந்திப்பில், காயத்தோடு வருகிற வீரனிடம் செங்கமலம், "அண்ணா, கையை நீட்டுங்க, கட்டு போடறேன்" என்பாள். நான் யோசித்தே எழுதவில்லை. நம் ஊரில் முன்பின் தெரியாத ஆம்பளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? கண்டக்டர் அண்ணா, பால்காரர் அண்ணா, பேங்கில் டோக்கன் கொடுக்கிறவரும் அண்ணா.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒரு தம்பி, செங்கத்திலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டான். அது வெறும் மரியாதைச் சொல், பின்னால் பழகப் பழக மாறிவிடும் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. மற்ற எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, 'முடியாது' என்று ஆயிரம் தரம் சொன்னால்கூட நம்பிக்கை இருக்கும், இந்தச் சொல்லுக்கு மட்டும் மருந்தே கிடையாது என்று கண் கலங்கச் சொன்னான்: "ஒரு தடவை அண்ணான்னு கூப்ட்டா கூப்ட்டதுதான் மேடம். அதுக்கப்புறம் அவ கொழந்தைக்கு நான் தாய்மாமன் சீர்தான் செய்யணும்."

ரியாஸ் செய்த திருத்தம்

சரி, மாற்றித் தொலைப்போம் என்று ரியாஸிடம் சொன்னேன். அந்த ஒரு வரியில் மட்டும் 'அண்ணா'வை எடுத்துவிட்டு 'என்னங்க' என்று போடச் சொன்னேன். அடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், அதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு அவசரம். ஒவ்வொன்றாகத் தேடாமல், விளையாட்டில் 'அண்ணா' வருகிற இடத்தில் எல்லாம் 'என்னங்க' என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பௌர்ணமி அன்று ஆபீஸ் லீவு. மறுநாள் வந்தால் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஊர்க் கொல்லர் அண்ணாமலை, என்னங்கமலை ஆகியிருந்தார். வீரன் மலையை அண்ணாந்து பார்க்கிற கட்டத்தில் என்னங்கந்து பார்த்தான். இதெல்லாம்கூடப் போகட்டும். செங்கமலம் எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டாலும் என்னங்க, மாட்டுக்காரரைக் கூப்பிட்டாலும் என்னங்க, கோயில் காவல்காரரைப் பார்த்தும் "என்னங்க, சாப்ட்டீங்களா?" என்று குழைந்துகொண்டிருந்தாள். ஆரணியிலிருந்து ஒரு பெரியவர், அதட்டலும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்: "ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அந்தப் பொண்ணுக்கு வூட்டுக்காரரா மேடம்?"

கேட்டான் இல்ல?

பெண்கள் விளையாடினால் காதலிக்க ஒரு படைத்தலைவனை வைத்திருந்தோம். மாரும் மீசையுமாக ரியாஸே பொறாமைப்படுகிற மாதிரி வரைந்திருந்தது. ஊரைக் காப்பான், உயிரைக் கொடுப்பான், வீரவசனம் பேசுவான். அவனை ஒரு பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் வில்லனைக் காதலிக்க வழி கேட்டார்கள்.

எனக்குப் புரியவே இல்லை. தண்டராம்பட்டிலிருந்து பேசிய நர்ஸ் ஒருவரிடம் வாயை விட்டே கேட்டுவிட்டேன். அந்த வில்லன் அரண்மனை விருந்தில் ஒரு இடத்தில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பான், அதற்காகத்தான் என்றார். சோற்றில் விஷம் கலந்தவனே அவன்தான், வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறான் என்று எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "விஷம் வெச்சானோ என்னமோ, கேட்டான் இல்ல மேடம்?"

வீட்டில்

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. வாசலில் அம்மா டீக்கடை வைத்திருக்கிறாள். பௌர்ணமிக்கு நிற்க நேரமிருக்காது. மற்ற நாளில் வியாபாரம் கம்மி. ஸ்டூலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பாள். கேட்டால் சீரியல் என்பாள்.

செங்கமலத்தின் 'முடியாது'வை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், சாருக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, எனக்கு மனசே வரவில்லை என்று அம்மாவிடம் புலம்பினேன். பால் பொங்கி வழிகிறதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பரவாயில்லையே, நம் கஷ்டம் இவளுக்குப் புரிகிறது என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "எவனுக்கோ எவளையோ கட்டி வெக்கறதுக்கு இவ்ளோ மண்டைய ஒடைச்சிக்கற. ஞாயித்துக்கெழம ஆரணி மாப்ள வூட்ல வராங்க, அன்னிக்காவது மூஞ்சிய ஒழுங்கா வெய்யி."

பஜ்ஜித் தட்டு

வந்தார்கள். மாப்பிள்ளை இன்ஜினியர், நல்ல நிறம், நல்ல சட்டை. என்ன வேலை செய்கிறேன் என்று பேச்சு வந்தது. விளையாட்டின் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் ஆடுகிறாராம். எனக்கு ஒரு நிமிஷம் மனசு லேசானது, பொய் சொல்வானேன். உடனே அவர், "அந்த வைத்தியக்காரி ரொம்பப் பிகு பண்றாங்க. சரின்னு சொல்ல வைக்க ஷார்ட்கட் ஏதாவது இருக்கா?" என்றார். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்காமல், நீங்கள் யாரிடமாவது எதையாவது எடுத்தீர்களா என்று கேட்டேன். "ஊர்க்கோடியில ஒரு கெழவி இருமிக்கிட்டே இருக்குமே, அதோட மருந்தைத் தூக்கிட்டேன். நமக்குப் பவர் ஏறும்ல? கேம்தானேங்க" என்று சிரித்தார். அவர் அப்பாவும் சிரித்தார். மகன் கெட்டிக்காரன் என்கிற சிரிப்பு.

எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. என் அப்பா தாம்பூலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, பஜ்ஜித் தட்டை எடுத்து மாப்பிள்ளை முன்னால் நீட்டி, நன்றாகக் காதில் விழுகிற மாதிரி சொன்னேன்: "எடுத்துக்குங்க அண்ணா."

அவர் கை பஜ்ஜிக்கு மேலே அப்படியே நின்றது. ரசிகர் அல்லவா, மற்ற எல்லாருக்கும் முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அப்பா என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். இன்றைக்கு விளக்குமாறுதான் என்று தயாரானேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் என் மேல் இல்லை. "அந்தக் கெழவியோட மருந்தையாடி எடுத்தான்? மருந்து இல்லன்னா அது செத்துப் பூடுமேடி! நான் தெனம் கஞ்சி ஊத்தி அதைக் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை குமரேசன் சாரிடம் எழுதிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். கல்யாணம் நின்ற கதையில் அவர் மனசு போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு என் அம்மா விளையாட்டில் அந்தக் கிழவிக்குத் தினம் கஞ்சி ஊற்றுகிறாள் என்ற இடத்தில்தான் நிமிர்ந்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப அந்த 'முடியாது'ல கைய வெக்காதீங்கம்மா, மருந்தைத் திருடுனவனுக்கும் அவ சரின்னுட்டா உங்க அம்மா திட்டுவாங்க" என்று ஃபைலை மூடிவிட்டார்.

ஆக, நான் எழுதிய காதல் வசனங்களில் இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் திருத்தம் கேட்டுப் போன் செய்யாத ஒரே வசனம், பஜ்ஜித் தட்டோடு சொன்ன அந்த ஒன்றுதான்.