யாரும் கூப்பிடவில்லை என்றால்

என் அண்ணனுக்குக் கடைவீதியில் 'கூலிங்' என்று பெயர். கடைகளின் பெரிய ஃப்ரிட்ஜ்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து மேற்பார்வையாளர் ஆனவர். அவரோடு கடைக்குப் போவது பெரும்பாடு. மருந்துக்கடை, பேக்கரி, பூக்கடை என்று எங்கே ஃப்ரிட்ஜ் இருக்கிறதோ அங்கெல்லாம் "வாங்க கூலிங்" என்று ஒரு குரல் வரும். சோப்பு வாங்கப் போன நாங்கள் இருட்டிய பிறகு சோப்பு இல்லாமல் திரும்பியிருக்கிறோம்.

அந்த வேலை அவருக்கு ஒரு கணக்கைப் பழக்கியிருந்தது. "கஸ்டமர் கூப்பிட்டா கோளாறு. கூப்பிடலன்னா மெஷின் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்." ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்கிறது என்று சொல்வதற்காக யாரும் அவருக்கு போன் செய்ததில்லை.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. ஃப்ரிட்ஜுக்குள் குளிர் குறைந்தால் அது கத்தும். கூடவே கடைக்காரர் போனும் அண்ணன் போனும் அலறும். சரக்கு கெடுவதற்குள் ஓடிப்போய்ச் சரிசெய்யலாம். உடன் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் பெட்டிகளைச் செய்துகொடுத்தார். பழைய மேனேஜர் தனக்குத் தெரிந்த மருத்துவமனைக் கொள்முதல் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். தெரிந்த கடைகளில் எல்லாம் அண்ணன் சோதனைக்கு மாட்டினார். முதல் பெட்டி, அண்ணியின் தம்பி நடத்தும் ஐஸ்கிரீம் கடைக்குப் போனது.

ஆரம்பத்தில் போன் ஓயாமல் அலறியது. அண்ணன் எதையோ திருகினார், எதையோ மாற்றினார். பிறகு அடங்கிவிட்டது. கோளாறு வந்தால் மட்டும் போன் திரையில் அந்தக் கடை சிவப்பாகும், மற்றபடி பச்சை. அப்படித்தான் அவர் அமைத்திருந்தார். இப்போது எல்லாக் கடைகளும் பச்சை.

"ஒருத்தராவது கூப்பிட்டுக் குறை சொன்னாங்களா பாரு," என்றார் அண்ணியிடம்.

"நேர்ல பாத்தா என்ன சொல்றாங்க?"

"சூப்பர்ங்கிறாங்க. உன் தம்பியே சூப்பர்ங்கிறான்!"

"அவனா? நம்ம கல்யாணச் சாப்பாட்டுலயே உப்பில்லன்னு சொன்னவனாச்சே," என்றார் அண்ணி. இருவரும் சிரித்தார்கள். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையின் மருந்துக் கிடங்கு முழுவதற்கும் பெட்டி மாட்டும் பேச்சு வந்தது. அது கிடைத்தால்தான் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். கொள்முதல் அதிகாரி கறாரான பெண்மணி. "பேச்செல்லாம் வேணாம். ஓடுற இடத்துல காட்டுங்க," என்றார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. நேராக மச்சினன் கடைக்கு அழைத்துப்போனார். விளக்கத்தாள்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

எங்களைப் பார்த்ததும் அண்ணியின் தம்பி முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஐஸ்கிரீமெல்லாம் வேணாம்டா. பெட்டியக் காட்டு."

அவர் ஃப்ரீசர் பக்கம் போகவில்லை. கல்லா மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். ஸ்பூன் கட்டுகளுக்கு அடியில் பெட்டி கிடந்தது, பேட்டரி தனியே.

"கதவத் தொறந்தாலே கத்துது மாமா. ஐஸ்கிரீம் கடையில கதவத் தொறக்காம எப்படி? குழந்தைங்கல்லாம் பயந்து அழுதுச்சு."

"எப்பக் கழட்டின?"

"மாட்டின கொஞ்ச நாள்லயே."

"சொல்ல வேண்டியதுதானேடா?"

"வேலைய விட்டுட்டு, அவ்வளவு ஆசையா கொண்டு வந்தீங்க. எந்த வாயால சொல்றது?"

அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். அந்தக் கடை அப்போதும் பச்சையாகவே இருந்தது. அதிகாரியும் எட்டிப்பார்த்தார்.

"உள்ள மருந்து கெட்டுக் கெடந்தாலும் இது பச்சைதான் காட்டுமா?"

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டார். நான் நீட்டிய தாள்களை அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு அண்ணன் கடை கடையாகப் போனார். எங்கும் அதே கதை. மருந்துக்கடைக்காரர் பெட்டியைத் துடைத்து, மாத்திரை கவரில் போட்டு வைத்திருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க கூலிங். நம்ம ஆளாச்சே, மனசு நோகுமேன்னுதான்." பேக்கரிக்காரர் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு மழையைப் பற்றியே பேசினார். பூக்கடை அம்மா பெட்டியை எங்கே வைத்தோம் என்று தேடி, கிடைக்காமல், அழுதே விட்டார். ஒருவராவது திட்டியிருந்தால் அண்ணன் கொஞ்சம் தேறியிருப்பார்.

கதவு திறப்பதைப் பெட்டி பொறுத்துக்கொள்ளும்படி மாற்றிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார்.

"மாத்தி யார்கிட்டப்பா குடுக்கிறது?" என்றார் அண்ணன். "திரும்பவும் சூப்பர்னுதான் சொல்வாங்க."

போன வாரம் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர் நிஜமாகவே நின்றுவிட்டது. அண்ணியின் தம்பி வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "மாமா முகத்துல எப்படிக்கா முழிக்கிறது?" என்று அண்ணியிடம் சொன்னாராம். அண்ணி அதைப் பற்றி அண்ணனிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் கடை வாசலில் வேறு கம்பெனி வண்டி நிற்பதை அண்ணனே பார்த்துவிட்டு வந்தார்.

வந்தவர் போனை மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப நாளா யாருமே கூப்பிடல," என்றார். "எல்லா மெஷினும் நல்லா ஓடுது போல."

அண்ணி சிரிக்கவில்லை. போனை எடுத்து, மணிச்சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணைந்திருக்கவில்லை.