குவைத் மாத்திரை

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் சொன்ன அன்றே வீட்டில் எல்லோரும் பாதி செத்துவிட்டோம். மீதி உயிரைப் பிடித்துக்கொண்டு அவளும் நானும் ஒவ்வொரு கீமோவுக்கும் திருத்துறைப்பூண்டியில் தஞ்சாவூர் பஸ் ஏறுவோம். அத்தான் குவைத்தில் இருந்தார். போனில் "காப்பாத்திடுவாங்கல்ல?" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வரவில்லை.

கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார்: "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லீங்க" என்பாள் அக்கா.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. எங்கள் ஊரில் வலி மாத்திரை மாத்திரைக் கணக்கிலேயே வராது. நடவுக்கு இறங்கும் பெண்கள் டீ குடித்த கையோடு, வெற்றிலை போடுகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். குவைத்திலிருந்து பெட்டி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சென்ட், தைலம், சோப்பு, கூடவே அட்டை அட்டையாக வலி மாத்திரை. அக்கா தெருவுக்கே பங்கு வைப்பாள். தன் இடுப்பிலும் ஓர் அட்டை செருகியிருப்பாள்.

கடைசித் தடவை மருந்து ஏறிய மறுநாளே சிறுநீர் குறைந்தது. நாலைந்து நாளில் வாயெல்லாம் வெந்து புண்ணாகி, தண்ணீர்கூட இறங்கவில்லை. அவள் தலையணைக்கு அடியிலிருந்து பாதி காலியான அட்டையை நர்ஸ் எடுத்தார். பஸ் குலுக்கலில் இடுப்பு விட்டுப்போனதாம், அதற்காகப் போட்டாளாம்.

"கீமோ மருந்து கிட்னி வழியாத்தாம்மா வெளிய போகணும்," என்றார் டாக்டர். "வலி மாத்திரை போட்டதுல கிட்னி அதை வெளிய தள்ளல. உள்ளயே தேங்கிருச்சு."

வடிகால் அடைபட்ட வயலில் பயிர் அழுகுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? முறிவு மருந்து கொடுத்தார்கள், பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள், டயாலிசிஸும் செய்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. அக்காவை ஆம்புலன்ஸில்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

அடக்கம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, அவளோடு சேர்ந்து நடவு நட்ட பக்கத்து வீட்டு அக்கா வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அதே மாத்திரை.

"அழுது அழுது தலை வலிக்கும். ஒண்ணு போட்டுக்க தங்கச்சி."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இதுதாங்க்கா எங்க அக்காவக் கொன்னுச்சு! தூக்கிப் போடுங்க!" என்று கத்தினேன்.

"கூறுகெட்டத்தனமாப் பேசாதடி. உங்க அக்கா தன் கையால குடுத்தது இது."

மாத்திரையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டு விழுங்கினார்.